எப்போதும்வென்றான் சம்பந்தி

ஏன் தாயி, இப்ப நீ திங்கிறியே புளிச்சாதம், அதைப் பாத்து "இதென்ன, சீக்காளிக்குப் போடுற சோறு கணக்கா இருக்கு"ன்னு நான் சொன்னா உனக்குக் கோவம் வருமா வராதா? வரும்ல? முன்ன பின்ன தெரியாதவ, பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்தவ சொன்னாலே வரும். அதே சொல்லை உன் சம்பந்தி, உன் வீட்டுக் கூடத்துல, உன் பந்தியில உக்காந்து, உன் சொந்தபந்தம் அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னா எப்பிடி இருக்கும்?

ஐயோ, நீ சாப்பிடு. உன்னையச் சொல்லல. வாசனையே நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டுக்கிட்டே கேளு. நீ எங்க எறங்கணும்? தூத்துக்குடியா? அப்பச் சரி, நான் அதுக்கு முன்னாடி எறங்கிருவேன். பந்தல்குடி இப்பத்தானே தாண்டுது, அதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

என் பேரு வேலுத்தாய். அருப்புக்கோட்டை. எங்க சொந்தத்துல கல்யாணமோ காதுகுத்தோ, எந்த விசேசம்னாலும் உப்புப் பாக்க என்னையத்தான் கூப்பிடுவாக. உங்க பக்கம் அந்தப் பழக்கம் உண்டா? சமையக்காரரு அண்டா நெறையச் சாம்பார் வச்சிருவாரு. ஆனா எறக்க மாட்டாரு. ஒரு கரண்டியில மோந்துக்கிட்டு வந்து, "எங்க அந்த வேலுத்தாயம்மா?"ன்னு தேடுவாரு. நான் பட்டுச்சேலையில போயி நின்னு, உள்ளங்கையில ரெண்டு சொட்டு வாங்கி, நாக்குல வச்சுப் பாத்து, "இன்னும் ஒரு கை போடுங்க"ன்னோ, "போதும், எறக்குங்க"ன்னோ சொல்லணும். பொறவுதான் எலை போடுவாக. மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககூட அதுவரைக்கும் வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாக. எங்க வீட்டுக்காரரு என் பேச்சுக்கு என்னைக்கும் அம்புட்டு மரியாதை குடுத்ததில்ல. கரண்டி குடுத்துச்சு.

அந்த மரியாதையைத்தான் ஒருத்தி ஒரே சொல்லுல தட்டிவிட்டா.

என் மகன் குருநாதனுக்குப் பொண்ணு எடுத்த ஊரு எப்போதும்வென்றான். சிரிக்காத, ஊரு பேரே அதான். இந்த பஸ்ஸு அந்த வழியாத்தான் போகுது. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே எங்க வீட்டுக்காரரு காதுல சொன்னாரு, "ஏ, ஊரு பேரைப் பாத்துக்க, வாயைக் கொஞ்சம் அடக்கிப் பேசு"ன்னு. நான் அலட்சியமா இருந்துட்டேன். சம்பந்தியம்மா பேரு செண்பகவடிவு. வடிவுன்னு சொன்னாத்தான் ஊருல தெரியும். புருசன் காலமாகி ரொம்ப வருசம். ஒத்தப் பொண்ணு, சுகந்தி. பொண்ணு தங்கமான பொண்ணு, அதைச் சொல்லிறணும். ஆத்தாக்காரிதான் எனக்கு எமனா வந்து வாய்ச்சா.

கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டு விருந்து எங்க வீட்டுல. சமையலுக்கு ஆள் வைக்கலாம்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. எதுக்கு ஆளு, நான் என்ன செத்தா போயிட்டேன்னு கேட்டேன். நானே சமைச்சேன். பருப்புருண்டைக் குழம்பு. அது எல்லாருக்கும் வராது தாயி. பருப்பை ஊறவச்சு, சோம்பு தட்டிப் போட்டு, அம்மியில கொரகொரன்னு அரைச்சு, ஆவி காட்டி, கொதிக்கிற குழம்புல பதறாம விடணும். கொஞ்சம் தண்ணி கூடுச்சுன்னா உருண்டை கரைஞ்சு கூழாப் போகும். என் கையில இதுவரைக்கும் ஒண்ணு கரைஞ்சதில்ல. குழம்பு தட்டுல ஊத்துனா வழியாம நிக்கும்.

வடிவு மதினி உருண்டையைப் பிட்டா. எங்க பக்கம் சம்பந்திக ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மதினிதான். வாயில வச்சா. கூடமே அவ மூஞ்சியைப் பாக்குது. மென்னா. முழுங்குனா. தண்ணி ஒரு மடக்குக் குடிச்சா. பொறவு சொல்றா, "நல்லாத்தான் இருக்கு மதினி. வயித்துக்கு ஒரு தொந்தரவும் செய்யாது. எங்க ஊருல பிள்ளை பெத்தவளுக்குப் போடுவோமே, அந்தப் பத்தியக் குழம்பு கணக்கா இருக்கு"ன்னு.

பத்தியக் குழம்பு! என் பருப்புருண்டைக் குழம்பு!

கூடமே கொல்லுன்னு சிரிச்சிச்சு. என் நாத்தனா பூச்செண்டுன்னு ஒருத்தி இருக்கா, எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவ சிரிச்ச சிரிப்புல அவளுக்குப் புரையேறிப் போச்சு. மாதரசி அப்பிடியே போய்ச் சேர்ந்திருக்கலாம். நான்தான் தலையில தட்டித் தண்ணி குடுத்தேன்.

சரி, விருந்தோட போச்சுன்னா விட்டிருப்பேன். போகலையே. அன்னையிலருந்து சொந்தத்துல என் பேரே பத்தியம்னு ஆயிருச்சு. வீட்டுக்கு வாரவ வாசல்லயே நின்னு, "மதினி, இன்னைக்குச் சாப்பாடா, பத்தியமா?"ன்னு கேக்குறா. கொழுந்தன் பிள்ளைக சின்னஞ்சிறுசுக, "பத்தியப் பெரியம்மா"ங்குதுக. ஒரு நாளு எங்க வீட்டுக்காரரே வாய் தவறி, "இன்னும் கொஞ்சம் பத்தியம் ஊத்து"ன்னுட்டாரு. அன்னைக்கு அந்த மனுசன் கடையில போயி பரோட்டா தின்னுட்டு வந்தாரு. நான் கேக்கவே இல்ல.

பொறவு கொழுந்தன் மகளுக்குச் சடங்கு வச்சாக. மண்டபத்துல சமையக்கட்டுப் பக்கமா நான் சேரைப் போட்டு உக்காந்திருக்கேன். எப்பவும் உக்காருற எடந்தான். சமையக்காரரு கரண்டியோட வாராரு. நான் கையை நீட்டிட்டேன் தாயி. நீட்டுன கையைத் தாண்டிக்கிட்டு கரண்டி போகுது. பூச்செண்டுகிட்டப் போயி நிக்குது. அவ உப்புப் பாக்குறா! ரசத்துக்கும் சாம்பாருக்கும் வித்தியாசம் தெரியாதவ, நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டு, "செத்த உப்புப் போடுங்க"ங்கிறா. பக்கத்துல இருந்தவ சொல்றா, "பத்தியக்காரிகிட்டக் கேட்டா உப்பே வேண்டாம்பா"ன்னு. நீட்டுன கையை நான் என்ன செய்ய? கொண்டையைச் சரி பண்ணுற மாதிரி தலைக்குக் கொண்டு போயிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆமா, அழுதேன், அதுல என்ன வெக்கம்.

அன்னைக்குத்தான் மனசுல வச்சேன். இதே வடிவு, இதே கூடத்துல, இதே சனத்துக்கு முன்னாடி, "மதினி, உங்க சாப்பாடு மாதிரி வருமா"ன்னு அவ வாயாலயே சொல்லணும். சொல்ல வைக்காம நான் கண்ணை மூட மாட்டேன்னு வச்சேன்.

இந்த வருசம் சித்திரை வெயில்ல அவளுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு.

எனக்குச் சந்தோசம்னு நான் சொல்லல. நீ அப்பிடிப் பாக்காத. சுகந்தி போனை வச்சுட்டு அழுகுறா, "அம்மாக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாருக்காம் அத்தே, தனியாக் கெடக்காக, நான் போகணும்"னு. அவ அப்பத்தான் வேலையில சேந்திருக்கா, லீவு கெடையாது. எல்லாரும் முழிக்கிறாக. நான்தான் சொன்னேன், "எதுக்கு நீ போகணும்? உங்கம்மாவை இங்க கூட்டிட்டு வா. நான் பாத்துக்கிறேன்"னு. சுகந்தி என் கையைப் புடிச்சுக்கிட்டா. என் மகன் என்னையச் சாமியைப் பாக்குற மாதிரி பாக்குறான். எங்க வீட்டுக்காரரு மட்டும், "வேலு, என்ன திட்டம்?"னு கேட்டாரு. முப்பது வருசத்துக்கு மேல குடும்பம் நடத்துன மனுசன்ல.

திட்டம் என்ன திட்டம். மஞ்சக்காமாலைக்கு என்ன சாப்பாடு? பத்தியம். உப்பு ஆகாது, புளி ஆகாது, காரம் ஆகாது, எண்ணெய் ஆகாது. என் குழம்பைப் பத்தியக் குழம்புன்னு சொன்னீகள்ல மதினி, வாங்க, நெசமான பத்தியம் எப்பிடி இருக்கும்னு நான் காட்டுறேன். உப்புக்கு ஏங்கி, "மதினி, ஒரே ஒரு கல்லு உப்பு"ன்னு என்கிட்டக் கையேந்துற வரைக்கும் காட்டுறேன். அம்புட்டுத்தான் என் திட்டம்.

வந்து எறங்குனா. மூஞ்சி, கண்ணு, நகம் எல்லாம் மஞ்சப் பூத்துப் போயிருக்கு. ஒரு கைப்புடி ஆளா வத்திப் போயிட்டா. ஆஸ்பத்திரிக்கு சுகந்தி கூட்டிட்டுப் போனா. ரத்தம் எடுத்தாக, மாத்திரை எழுதுனாக. அது அவுக வைத்தியம். என் வைத்தியத்தை நான் விடுவேனா? விடிய முன்னாடி கண்மாய்க்கரைக்குப் போவேன். கடையில விக்கிற கீழாநெல்லி வாடிப் போயிருக்கும், அதுல சத்து இருக்காது. எலைக்குக் கீழ கடுகு கடுகாக் காய் தொங்கும் பாரு, அதைப் பாத்துப் பாத்துப் பறிச்சாந்து, மண்ணுப் போக அலசி, அம்மியில வச்சு வெண்ணெய் மாதிரி அரைப்பேன். மிக்ஸியில போட்டா சூடேறிரும். அதை மோருல கலக்கி வெறும் வயித்துல குடுப்பேன். அந்தக் கசப்பு இருக்கே, மாடு கூட மூஞ்சியைத் திருப்பிக்கிரும். எனக்கு அது போதும்னு தோணும், அவ குடிக்கிறதை நின்னு பாத்துட்டுத்தான் நகருவேன்.

மத்தியானத்துக்குக் கொழைய வடிச்ச சோறு, மோரு, உப்பில்லாம அவிச்ச சுரைக்காய். மறுநாளு பீர்க்கங்காய். அதுக்கு மறுநாளு முள்ளங்கி. பொறவு திரும்பச் சுரைக்காய். நடுவுல இளநி, பார்லித் தண்ணி. உப்பு ஜாடியை மட்டும் அவ கட்டிலுக்கு நேரா, சன்னல்ல வச்சேன். மூடியைத் தொறந்து. கண்ணுல படட்டும், வாயால கேக்கட்டும்னு.

இன்னொண்ணும் செஞ்சேன். தப்புன்னு சொல்லாத. அவளுக்குச் சுரைக்காயைக் குடுத்துட்டு, அடுப்புல நெத்திலிக் கருவாடு வறுப்பேன். வீட்டுல எவரும் கேக்கல. கொஞ்சமா பூண்டு தட்டிப் போட்டு, கருவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, மொறுமொறுன்னு வறுத்து, அடுக்களைக் கதவைத் தொறந்து வச்சு, டேபிள் பேனை அவ கட்டில் பக்கமாத் திருப்பி விடுவேன். எங்க வீட்டுக்காரரு வந்து, "தெருவுல இருக்குற பூனையெல்லாம் நம்ம வாசல்ல உக்காந்திருக்கு, அந்தம்மா மட்டுந்தான் அசையல. எனக்குக் கருவாடு தின்னு தின்னு கனவுல கடல் வருது, விட்டுரு வேலு"ன்னாரு. "உங்களுக்குத் தெரியாது, நீங்க திங்கிற வேலையைப் பாருங்க"ன்னேன்.

அவ கேக்கணுமே! கேக்கலை தாயி. தட்டைக் குடுத்தா வாங்கிக்குவா. மூஞ்சியைச் சுளிக்கணும்ல? சுளிக்க மாட்டா. கடைசிப் பருக்கை வரைக்கும் வழிச்சுத் தின்னுட்டு, தட்டை நீட்டி, "நல்லாருக்கு மதினி"ம்பா. உப்பில்லாத சுரைக்காயை எவளாச்சும் நல்லாருக்குன்னு சொல்லுவாளா? நக்கல்! பச்ச நக்கல்! அதுவும் யாரும் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லுவா. சாட்சி இல்லாமச் சொன்னா அது செல்லுமா? நான் வேணும்னே பூச்செண்டை வரச் சொல்லிப் பக்கத்துல உக்கார வச்சேன். அன்னைக்குப் பாத்து மதினிக்குப் பேசத் தெம்பில்ல. கண்ணை மூடிப் படுத்துக்கிட்டா.

ஜாடியில இருந்த உப்பை மேலாக விரலால தடவி மட்டம் பண்ணி வச்சிருந்தேன். தெரியாம எடுத்தாக் காட்டிக் குடுத்துரும்ல. மட்டம் கலையவே இல்ல. காவலுக்கு நான் அவ கட்டிலுக்குக் கீழயே பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டேன். அடுக்களைப் பக்கம் போயிறக் கூடாதுல்ல. சாமத்துல வாந்தி எடுத்தா, பாத்திரத்தைப் புடிச்சேன். கையும் காலும் எரியுதுன்னா, வெந்தயத்தை அரைச்சுப் பாதத்துல பத்துப் போட்டேன். ஒடம்பெல்லாம் அரிக்குதுன்னு தூக்கமில்லாமக் கெடந்தா, வேப்பிலையைப் போட்டுக் கொதிக்க வச்ச தண்ணியில துணியை நனைச்சுத் தொடைச்சு விட்டேன். பின்ன? ஆளு தேறுனாத்தானே கூடத்துல உக்காந்து பேச முடியும்? அதுக்குத்தான்.

அந்தப் பூச்செண்டு வந்தவ சும்மா போனாளா? "மஞ்சக்காமாலைக்கு இந்த எலை தழையெல்லாம் நிக்காது மதினி, கையில சூடு போட்டாத்தான் எறங்கும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் போடுவாரு"ங்கிறா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். "சூடு போடுறதா இருந்தா உன் வாயில போடணும். எந்திரி. எங்க சம்பந்தியைப் படுத்துறதா இருந்தா நான் படுத்திக்கிறேன், நீ யாருடி நடுவுல?"ன்னு கேட்டு வாசல் வரைக்கும் கொண்டு போயி விட்டுட்டு வந்தேன். திரும்பிப் பாத்தா கட்டில்ல படுத்திருக்குற வடிவு மதினி என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. கண்ணுல தண்ணி. மஞ்சக்காமாலைக்குக் கண்ணு அப்பிடித்தான் கலங்கும்.

ஒரு மாசத்துக்கு மேல ஓடுச்சு. கண்ணு வெளுத்துச்சு. நகம் வெளுத்துச்சு. மூஞ்சியில கொஞ்சம் ரத்தம் ஊறுச்சு. டாக்டரு எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாரு. "தலைக்குத் தண்ணி ஊத்தி ஒரு சாப்பாடு போட்டு அனுப்பிருவோம்"னு நானே சொன்னேன். மறுவீட்டுக்கு வந்த சனம் எதெதுவோ அம்புட்டையும் கூப்பிட்டேன். ஒருத்தியை விடல. போன் போட்டுப் போட்டுக் கூப்பிட்டேன். சிரிச்சவ எல்லாம் வந்து உக்காந்து காதால கேக்கணும்ல?

அதே பருப்புருண்டைக் குழம்பு வச்சேன். உப்பை நாக்குல வச்சு வச்சுப் பாத்தேன். இம்மி கூடவும் இல்ல, இம்மி கொறையவும் இல்ல. உருண்டை ஒண்ணு கரையல. வாசனை தெருமுக்கு வரைக்கும் போயிருச்சு. வடிவு மதினியை நடுவுல உக்கார வச்சேன். குளிச்சுத் தலை ஆத்தி, பூ வச்சு, அவ பழைய ஆளா உக்காந்திருக்கா. எலை போட்டு, சோறு வச்சு, நானே குழம்பை ஊத்துனேன். ஊத்திட்டு நகராம நின்னேன். ஒரு மாசமா உப்பு, புளி காணாத நாக்கு. இன்னைக்கு இந்தக் குழம்பைத் தொட்டா அவ வாய் தன்னால வாழ்த்தும். வாழ்த்தாம எங்க போகும்?

பிசைஞ்சா. ஒரு வாய் வச்சா. அப்பிடியே கையை நிறுத்திட்டா. கண்ணை மூடுனா. கண்ணைத் தொறந்து என்னைய அண்ணாந்து பாத்து, ரொம்பப் பாவமா, "மதினி... உப்புக் கரிக்குதே"ன்னா.

கேட்டுச்சா? உப்புக் கரிக்குதாம்!

பூச்செண்டு உடனே விரலை விட்டு நக்கிப் பாத்துட்டு, "ஆமா, கரிக்கத்தான் செய்யுது"ங்கிறா. பொய் தாயி, பச்சப் பொய். அதுவரைக்கும் மூணு கரண்டி ஊத்தித் தின்னவ அவ. ஆனா கூடம் விட்டுச்சா? "போன தடவை பத்தியம், இந்தத் தடவை உப்பளம்"னு ஒருத்தன் சொல்ல, எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்குதுக. எங்க வீட்டுக்காரரு குனிஞ்ச தலை நிமிரல. அவரும் சிரிச்சிருப்பாரு. தோளு குலுங்குச்சு.

என்ன சொல்ற நீ? ஒரு மாசம் உப்பே திங்காதவளுக்குச் சாதாரண உப்பே கரிக்கத்தான் செய்யுமா? ஓகோ. நீ எந்த ஊரு தாயி? தூத்துக்குடிக்காரியா? அதானே, அந்தப் பக்கத்து ஆளுதானே நீயும். யாரு திங்காம இருக்கச் சொன்னா அவளை? கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன்ல? கேக்கணும்னுதானே ஜாடியைத் தொறந்து வச்சேன்?

சரி, அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, முடியல. அடுக்களையில போயி நான் பாத்திரத்தைப் போட்டு ஒடைக்காத கொறையா உருட்டுறேன். "நன்றி கெட்ட சென்மம், நான் உப்பில்லாமப் போட்டு வளத்து விட்டதுக்கு இதுவா கூலி"ன்னு கத்துறேன். சுகந்தி பின்னாடியே வந்தா. கதவைச் சாத்துனா. சாத்திட்டு, மெதுவா, "அத்தே, ஒண்ணு சொல்லணும். கோவிக்காதீங்க"ன்னா. என்னன்னேன். "டாக்டரு உப்பை நிறுத்தவே சொல்லல அத்தே. முத தடவை போனப்பவே கேட்டேன். உப்பு அளவாப் போட்டுக்கலாம், எண்ணெய் மட்டும் கொறைங்க, நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கன்னாரு. நான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன். அம்மாதான் கையைப் புடிச்சுத் தடுத்தாக."

"எதுக்குத் தடுத்தா?"ன்னேன்.

"'அன்னைக்குப் பந்தியில நான் ஏதோ வெள்ளந்தியாச் சொல்லப் போயி, உங்க அத்தையை எல்லாரும் கேலி பண்ணிட்டாக. அவுக மனசு ஆறணும். ஆறுற வரைக்கும் அவுக எப்பிடிப் போடுறாகளோ அப்பிடியே நான் திங்கிறேன். நீ வாயைத் தொறக்காத'ன்னாக அத்தே."

ஒரு மாசம்! தெரிஞ்சே தின்னுருக்கா! உப்பு திங்கலாம்னு தெரிஞ்சும், சன்னல்ல ஜாடி தொறந்து இருந்தும், கருவாட்டு வாசனையை மூக்குல வாங்கிக்கிட்டு, அந்தச் சுரைக்காயை "நல்லாருக்கு மதினி"ன்னு தின்னுருக்கா! அப்ப நான் எடுத்த பழி என்னாச்சு? நான் அடிச்சேன்னு நெனச்சேன், அவ முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. அடி வாங்குறதுக்குச் சம்மதிச்சு உக்காந்தவளை அடிச்சா அது பழியா தாயி? அது என்ன கணக்கு? என்னைய முட்டாளாக்கிட்டாளே! எம்புட்டு அழுத்தக்காரி!

நானும் விடல. கூடத்துக்குப் போனேன். எல்லாம் கை கழுவப் போயிருச்சுக. அவ மட்டும் எலைக்கு முன்னாடி உக்காந்து, கரிக்குதுன்னு சொன்ன குழம்பையே தண்ணி ஊத்திப் பிசைஞ்சு தின்னுக்கிட்டு இருக்கா. மிச்சம் வைக்கல. சண்டை போடத்தான் போனேன். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?"ன்னு மட்டும் கேட்டேன். "வைங்க மதினி"ன்னா. வச்சேன்.

மறுநாளு ஊருக்குப் போயிட்டா. பொறவு எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல. காலையில கண்மாய்க்கரை வரைக்கும் கால் தன்னால போகுது, போயி கீழாநெல்லியைப் பறிச்சுட்டு, யாருக்குன்னு நின்னு முழிக்கிறேன். தெனம் போன் போடுவேன். சண்டைக்கு ஒரு நூல் கெடைக்குமான்னுதான். "எண்ணெய்ப் பலகாரம் தின்னீகளா?" "இல்ல மதினி." "வெயில்ல அலைஞ்சீகளா?" "இல்ல மதினி." "இளநி குடிச்சீகளா?" "குடிச்சேன் மதினி." இப்பிடியே சொல்லிக்கிட்டு இருந்தா எங்குட்டுச் சண்டை போட? வாய் குடுத்தாத்தானே வாங்க முடியும்?

முந்தாநாளு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எனக்குக் கொஞ்சம் பிரஷர் உண்டு. உப்பைக் கொறைக்கச் சொல்லி டாக்டரு எப்பவோ சொன்னாரு, நான் காதுல வாங்கல. இப்ப வாங்கிட்டேன். போனைப் போட்டேன். "மதினி, நான் உங்க ஊருக்கு வாரேன். ஒடம்பு சரியில்ல. பத்தியச் சாப்பாடுதான். ஒரு கல்லு உப்புக் கூடாது. உங்க கையால சமைச்சுப் போடுவீகளா?"ன்னு கேட்டேன். "ஒடம்புக்கு என்ன மதினி?"ன்னா. "பிரஷரு. எல்லாம் உங்களாலதான்"னேன். "வாங்க"ன்னா. சிரிச்சாளா அழுதாளான்னு தெரியல.

அதான் போறேன். அவ மட்டுந்தான் வாயைத் தொறக்காமத் திம்பாளா? நானும் திம்பேன். அவ வீட்டுக் கூடத்துல சம்மணம் போட்டு உக்காந்து, உப்பில்லாத சோறை, உப்பில்லாத ரசத்தை, மூஞ்சி சுளிக்காம, கடைசிப் பருக்கை வரைக்கும் வழிச்சுத் திம்பேன். தட்டை நீட்டி, "நல்லாருக்கு மதினி"ம்பேன். அவ இருந்ததை விட ஒரு வாரம் கூடவே இருப்பேன். "போதும் மதினி, உப்புப் போட்டுக்கோங்க"ன்னு அவளாக் கெஞ்சணும். கெஞ்சுனாலும் போட மாட்டேன். அப்பத் தெரியும் அவளுக்கு, பொறுத்துக்கிட்டுத் திங்கிறவளைப் பக்கத்துல இருந்து பாக்குறது எம்புட்டு வேதனைன்னு.

என்னது, கண்டக்டர் என்ன கத்துறாரு? எப்போதும்வென்றானா? வந்துருச்சா அதுக்குள்ள? இந்தப் பையைச் செத்தத் தூக்கிக் குடு தாயி. பாத்து, கீழ வைக்காத, ஈரத்துணியில சுத்திக் கீழாநெல்லி வச்சிருக்கேன். அவளுக்குத்தான். குடிக்கிறதை நிறுத்திருவா, நான் இல்லைன்னா.

அந்தா நிக்கிறா பாரு, பச்சைச் சேலை. மொட்டை வெயில்ல நிக்கிறா! பக்கத்துல அம்புட்டு நெழல் இருக்கு, ரோட்டு ஓரத்துல வந்து நின்னு பஸ்ஸு பஸ்ஸா அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கா, கிறுக்கி. நேத்துத்தான் காமாலையில இருந்து எந்திரிச்ச ஒடம்பு. எம்புட்டு நேரமா நிக்கிறாளோ.

மதினீ! நெழலுக்குப் போங்க! நெழலுக்கு! காதுல விழல பாரு. தள்ளு தாயி, சீக்கிரம் வழி விடு. இவளை இப்பிடியே விட்டா, நான் பழி வாங்குறதுக்கு ஆளே இருக்க மாட்டா.